உச்சி வெயிலில் அளந்த மதர்போர்டு

அம்மிணி,

போன வாரம் உன் பேருக்கு ஒரு பார்சல் வந்தது. வெள்ளிநிறக் கவரைக் கிழித்ததும் புது மதர்போர்டின் நெடி முகத்தில் அடித்தது. உனக்கு அது பிடிக்கும். எந்த போர்டு வந்தாலும் முதலில் மூக்கருகே கொண்டுபோவாய். எனக்கோ அதை முதலமடை ரோட்டில் எறிந்து, மாங்காய் லாரி ஏறட்டும் என்று விட்டுவிடத் தோன்றியது. அனுப்பியது அதே கம்பெனி. உள்ளே ஒரு அட்டை வேறு: உங்கள் கருத்தை நாங்கள் மதிக்கிறோம், மேடம். நீ போய் ஒரு மழைக்காலம் முடிந்து, தோப்பு பூத்துக் காய்த்தும் ஆகிவிட்டது. மதிக்கிறவர்களுக்கு அதுகூடத் தெரியவில்லை.

நீ படிப்பை முடித்து வந்து, மாங்காய் தரம் பிரிக்கிற நம் தகரக் கொட்டகையில் ஒரு மேசையைப் போட்டபோது நான் சிரித்தேன். கம்ப்யூட்டரைக் கடையில் ஒட்டுமொத்தமாக வாங்காமல், பாகம் பாகமாகத் தேர்ந்தெடுத்துத் தாங்களே பூட்டி, வேகத்தையும் முறுக்கிப் பார்க்கிற பைத்தியங்கள் தமிழ்நாடு முழுக்க இருக்கிறார்கள் என்றாய். அவர்களுக்குத் தமிழில் சொல்ல ஆளில்லை என்று யூடியூப் சேனல் தொடங்கினாய். மருந்தடிக்கவும் காய் பறிக்கவும் மட்டுமே தெரிந்த என் கையில் கேமராவைக் கொடுத்தாய்.

மற்றவர்கள் ஏசி அறையில் போர்டைத் திறந்த மேசைமேல் வைத்துச் சோதித்தார்கள். நீ பெட்டிக்குள் பூட்டி, மூடியை முடுக்கி, பங்குனி மாத உச்சி வெயிலில் கொட்டகைக்குள் வைத்தாய். ஃபேனையும் நிறுத்தச் சொன்னாய். ஏன் இந்தக் கொடுமை என்று கேட்டேன். "நம்மாளுங்க ஊட்டுல கம்ப்யூட்டர் இப்படித்தானுங்ணா இருக்குது" என்றாய்.

அந்தக் கம்பெனியின் முதல் போர்டு பார்க்க ராஜா மாதிரி இருந்தது. கறுப்பு உடம்பு, வண்ண விளக்குகள், பிராசஸருக்குப் பக்கத்தில் கனமான உலோகக் கவசம். அந்தக் கவசத்துக்கு அடியில்தான் விஷயமே இருக்கிறது என்று எனக்குப் புரியும்படி சொன்னாய். தோப்பு மோட்டாருக்கு ஸ்டெபிலைசர் இருப்பதுபோல, பிராசஸருக்கு வேண்டிய அளவுக்குக் கரண்டைக் குறைத்து, ஏற்ற இறக்கமில்லாமல் கொடுக்கிற சில்லுகள் அங்கே வரிசையாக இருக்கின்றன. அவை கொதித்தால் பிராசஸர் தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். நீ முழு வேலை கொடுத்து ஓடவிட்டாய். அரைமணி நேரம் தாங்கவில்லை. வேகம் பாதியாக விழுந்தது. கவசத்தைக் கழற்றினாய். சூட்டைக் கவசத்துக்குக் கடத்த வேண்டிய மெத்தைப் பட்டை, கொதிக்கிற சில்லுகளின்மேல் படாமல் தள்ளி ஒட்டியிருந்தது. அவ்வளவு விலை, அவ்வளவு பகட்டு, உள்ளே இந்த லட்சணம். நான் கெட்ட வார்த்தை சொன்னது பதிவில் விழுந்து, நீ அதை வெட்டினாய். கேமராவைப் பார்த்துக் குரலை உயர்த்தாமல் சொன்னாய்: "நம்ம ஊர் வெயிலுக்கு இது ஆகாதுங்க. வாங்காதீங்க."

அதற்கு அவர்கள் கொடுத்த மரியாதையை நான் மறக்கமாட்டேன். கம்பெனியின் விளம்பரப் படத்திலிருந்து சில நொடிகளை நீ அனுமதியில்லாமல் எடுத்துக் காட்டியிருந்தாய் என்று புகார் கொடுத்து வீடியோவையே தூக்கவைத்தார்கள். கமெண்டில் வந்ததெல்லாம் இங்கே எழுதக் கை கூசுகிறது. பெண்பிள்ளைக்கு மதர்போர்டைப் பற்றி என்ன தெரியும் என்பதுதான் அவற்றில் நாகரிகமானது. குமுளி மலைப்பக்கம் ஆனைக்கரையிலிருந்து ஒருவர், தன் போர்டு ஓராண்டாகச் சீராக ஓடுகிறது, நீ போட்டிக் கம்பெனியின் கூலி என்று பக்கம் பக்கமாக எழுதினார். ஏலக்காய் விளைகிற குளிரில் உட்கார்ந்துகொண்டு! "உங்க ஊரே ஒரு கூலருங்க, உங்களுக்குச் சுடாது" என்று நீ பதில் போட்டாய். எனக்கு இருந்த ஆத்திரத்துக்குக் குமுளி பஸ்ஸில் ஏறிப்போய் அவர் சட்டையைப் பிடித்திருப்பேன்.

பிறகு கம்பெனி ஒரு பயாஸ் அப்டேட் விட்டது. போர்டுக்குள் இருக்கிற மென்பொருளைப் புதுப்பித்தால் சூடு குறைந்துவிடும் என்றார்கள். எல்லோரும் குறைந்துவிட்டது என்று குதித்தார்கள். உனக்கு மட்டும் சந்தேகம். அப்போது மழை பிடித்திருந்தது. தோப்பு வாய்க்கால் அடைத்துக்கொண்டு, நீயும் நானும் அந்தத் தண்ணீரில் இறங்கி மண் அள்ளியிருந்தோம். உனக்குக் காய்ச்சல் வந்தது. ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்றேன். சூடு பார்க்கிற கம்பியைப் போர்டின் முதுகில் ஒட்டிக்கொண்டே, "இந்த ரீடிங் முடியட்டுமுங்ணா" என்றாய். மறுநாளும் அதையே சொன்னாய். திரையில் வந்த எண் இறங்கியிருந்தது. கம்பி காட்டிய சூடு இறங்கவே இல்லை. அவர்கள் குறைத்தது எண்ணைத்தான். கண்டுபிடித்த சந்தோஷத்தில் எழுந்தவள் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாய். கொல்லங்கோட்டில் காட்டி, பாலக்காடு கொண்டுபோய், அங்கிருந்து திருச்சூருக்கு. எலிப்பனி, எலி மூத்திரம் கலந்த தண்ணீரில் இறங்கினால் வருகிற காய்ச்சல் என்றார்கள். சிறுநீரகம் நின்றுவிட்டது என்றார்கள். நீ திரும்பி வரவில்லை.

கம்பெனி உன்னைக் கொல்லவில்லை. வாய்க்கால் தண்ணீர்தான் கொன்றது. அது எனக்குத் தெரியும். ஆனால் அவர்கள் சொன்ன ஒரு பொய்யைச் சரிபார்க்க நீ அந்த நாட்களைச் செலவழித்தாய். உன்மேலும் எனக்குக் கோபம்தான் அம்மிணி. ஒரு மதர்போர்டு! அது எக்கேடும் கெட்டுப் போகட்டும் என்று உன்னால் எழுந்து வர முடியவில்லையே.

அட்டையில் இருந்த எண்ணுக்குப் போன் செய்தேன். சென்னையிலிருந்து ஒரு பையன் பேசினான். நீ இல்லை என்றதும் வருத்தம் சொன்னான். அடுத்து, சேனல் இன்னும் ஓடுகிறதா என்று கேட்டான். பல்லைக் கடித்துக்கொண்டு, இந்தப் புது போர்டில் என்ன விசேஷம் என்றேன். அவன் குரலைத் தாழ்த்தினான்.

"மேடம் சொன்ன எல்லாத்தையும் இதுல மாத்திட்டோம் சார். டிசைன் டீமே அந்த வீடியோவைப் போட்டுப் பார்த்துத்தான் செஞ்சாங்க."

"அந்த வீடியோவை நீங்கதானப்பா தூக்க வெச்சீங்க?"

"அது வேற டிபார்ட்மென்ட் சார்."

"சரி, அவ சொல்லித்தான் மாத்துனோம்னு வெளிய சொல்லுவீங்களா?"

"அது முடியாது சார். முன்னாடி தப்பு பண்ணோம்னு ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடும்."

போர்டைப் பெட்டிக்குள் பூட்டினேன். உன் மேசை, உன் கம்பி, அதே உச்சி வெயில். இது தோற்க வேண்டும் என்று மனதாரக் கும்பிட்டேன். அம்மா வாசலில் வந்து நின்றாள். "ஏஞ்சாமி, கெட்டுப் போச்சா?" என்று ஆவலாகக் கேட்டாள். அவளுக்கும் அதுதான் ஆசை. மதியம் முழுக்க ஓடியது. வேகம் இம்மியும் குறையவில்லை. கவசத்தைக் கழற்றிப் பார்த்தேன். பட்டை சில்லுகளின்மேல் கச்சிதமாக உட்கார்ந்திருந்தது.

ஸ்க்ரூடிரைவர் கையில் இருந்தது. திரும்பப் பூட்டும்போது ஒரு திருகைக் கொஞ்சம் தளர்வாக விட்டால் போதும், கேமராமுன் இந்த போர்டு நாறிவிடும். யாருக்குத் தெரியப் போகிறது? கை அங்கேயே நின்றது. நீ சொல்வாயே, "கோவத்துல அளந்தா அளவு தப்பாயிருமுங்ணா" என்று. உன்னைத் திட்டிக்கொண்டே திருகை இறுக முடுக்கினேன்.

"தாங்குதுங்ம்மா. நல்ல போர்டுதான்" என்றேன்.

"அப்ப நம்ம புள்ள சொன்னது நெசம்னு ஆச்சில்ல" என்று சொல்லிவிட்டு, அம்மா முந்தானையால் முகத்தைப் பொத்திக்கொண்டு போனாள்.

வீடியோ போட்டேன். இது நல்ல போர்டு, வாங்கலாம். நன்றாக இருப்பதற்குக் காரணம் என் தங்கை. செய்தவர்கள் அதைச் சொல்லமாட்டார்கள், அதனால் நான் சொல்கிறேன் என்றேன். கம்பெனி அதை 'வாங்கலாம்' என்பது வரைக்கும் நறுக்கித் தன் பக்கத்தில் போட்டுக்கொண்டது. ஆனைக்கரைக்காரர் எண் தேடிப் பிடித்துக் கூப்பிட்டார். "தங்கச்சிய தப்பாப் பேசிட்டேன் அண்ணாச்சி, மன்னிச்சிருங்க" என்று அழுதார். நான் மன்னிக்கவில்லை. உயிரோடு இருக்கும்போது அவளிடம் சொல்லியிருக்க வேண்டும் என்று சொல்லி வைத்துவிட்டேன்.

உன் ஆத்மா சாந்தியடையட்டும் என்று நிறையப் பேர் எழுதுகிறார்கள். நீ சாந்தமாகக் கிடந்து நான் பார்த்தது ஐஸ் பெட்டிக்குள் மட்டும்தான். அந்தச் சாந்தி எனக்கு வேண்டாம்.

நேற்று கோயம்புத்தூர் போய், வேறொரு கம்பெனியின் போர்டைக் கடையிலேயே வாங்கிவந்தேன். இனி எவன் இலவசமாக அனுப்பினாலும் திருப்பி அனுப்புவேன். நாளை மதியம் கொட்டகையில் வைத்துப் பார்க்கப் போகிறேன். அளக்கிற விதம் எனக்குக் கைவந்துவிட்டது அம்மிணி. உன் பொறுமை மட்டும் வரவில்லை. வரவும் வேண்டாம்.