சறுக்கு வண்டியும் பதினான்கு ஜன்னல்களும்

பைன் ரிட்ஜ், பென்சில்வேனியா
28 டிசம்பர் 1988

என் அருமை மகள் டெக்லாவுக்கு,

அம்மா எழுதுகிறேன். நானும் உன் அப்பாவும் எழுந்து நடமாடிக்கொண்டு இருக்கிறோம், அலாஸ்காக் குளிரில் நீயும் மாப்பிள்ளையும் குழந்தைகளும் காய்ச்சல் தலைவலி இல்லாமல் இருக்கவேண்டும் என்று தினமும் ஜெபத்தில் சொல்கிறேன். அப்பாவுக்கு நெஞ்சு பழையபடிதான், சுரங்கத் தூசி உள்ளே போனது போனதுதான், ஆனாலும் கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் காளான் சூப் இரண்டு கிண்ணம் குடித்துவிட்டு மூன்றாவது கேட்டார். நீ அனுப்பின சால்மன் மீன் டப்பாக்கள் உடையாமல் வந்தன. சின்னவள் பனிச்சறுக்குக் காலணி போட்டுக்கொண்டு ஒற்றைக் காலில் நிற்கிற போட்டோவைத் தீயணைப்பு நிலையத்துக்குக் கொண்டுபோய் வந்தவர் போனவர் எல்லாருக்கும் காட்டினேன். லெஸ்டர், அவன்தான் இப்போது அங்கே கேப்டன், 'அப்படியே பாட்டி ஜாடைம்மா' என்றான், பொய் என்று தெரிந்தும் எனக்கு ஒரு நாள் முழுக்க அது போதுமாக இருந்தது. உடம்பு சுகம் என்று எழுதிவிட்டேன், மனசு சுகம் என்று எழுத முடியவில்லை டெக்லா. இந்தக் கடிதத்தை மூன்று தரம் ஆரம்பித்துக் கிழித்தேன். நான் செய்த சறுக்கு வண்டி பொம்மையின் படம் போன வருஷம் பத்திரிகையில் வந்தது என்று வெட்டி உனக்கு அனுப்பினேனே, அதைப் பற்றித்தான்.

கிறிஸ்துமஸுக்குத் தீயணைப்பு வண்டிகளை வெளியே நிறுத்திவிட்டு உள்ளே பொம்மை ரயில் ஓடுகிற ரயில் மேஜை போடுகிற வழக்கம் உனக்குத் தெரியும். நம் ஊரையே முப்பதடி நீளத்துக்கு அப்படியே குட்டியாகச் செய்து வைத்திருக்கிறோம். ஆகஸ்டு மழையில், அதைப் பிரித்து வைத்திருந்த கிடங்கின் கூரை ஒழுகி, அதில் நம் தெரு ஏறுகிற மலை ஊறிப் பொதபொதவென்று உட்கார்ந்துவிட்டது. லெஸ்டர் கம்பி வலையைக் கசக்கி மலையைத் திரும்ப எழுப்பினான், நான் செய்தித்தாளைக் கிழித்துப் பிளாஸ்டர் கரைசலில் முக்கி முக்கி மேலே போர்த்தினேன். காபிச் சக்கையைக் காயவைத்து மண் பாதை போட்டேன், கொல்லையில் காய்ந்து நின்ற களைச்செடியின் பூந்தண்டை ஒடித்துப் பச்சைத்தூள் தூவி மரம் வைத்தேன், நம் வீட்டு நிலக்கரியையே சுத்தியலால் தட்டிச் சலித்துக் கரிக்குவியல் போட்டேன். பசைத்தண்ணீரில் ஒரு சொட்டுப் பாத்திர சோப்பு விட்டால்தான் அது தூளுக்குள் இறங்கும், இல்லாவிட்டால் முத்து முத்தாக மேலேயே நிற்கும், இது எனக்கு யாரும் சொல்லித் தந்ததில்லை, ஐந்தாம் வகுப்போடு நின்றவள் நானே கண்டுபிடித்தது. மேஜைமேல் நிற்கிற ஈய ஆட்களுக்கு வர்ணம் பூசுவதும் நான்தான். பெருவிரல் உயரங்கூட இல்லாத ஆளுக்கு இமை வரைய இந்த ஊரில் வேறு யாருக்கும் கை நிற்காது என்று எல்லாரும் சொல்லச் சொல்ல எனக்குத் தலை கனத்துப் போய்விட்டது, அதையும் எழுதிவிடுகிறேன்.

ரயில் மேஜையில் அங்கங்கே சிரிப்புக்கு ஒன்று ஒளித்து வைப்பார்கள் இல்லையா, நாய் பாதிரியாரின் தொப்பியைக் கவ்விக்கொண்டு ஓடுவது, காற்றில் கழிப்பறைக் கதவு திறந்துகொள்வது, இந்த மாதிரி. நான்கு வருஷத்துக்கு முன் என் பங்குக்கு நான் செய்ததுதான் அது. பனி மேட்டில் பச்சை முக்காடு போட்ட ஒருத்தி சறுக்கு வண்டியை இழுக்கிறாள், வண்டியில் அவள் புருஷன் கையில் பாட்டிலோடு மல்லாந்து கிடக்கிறான். லெஸ்டர் அடியில் மோட்டார் பொருத்திப் பொத்தான் வைத்துக் கொடுத்தான். அழுத்தினால் வண்டி மேடு ஏறும். ரயிலைவிட அந்தப் பொத்தானுக்குத்தான் வரிசை நின்றது. யார் என்று நான் எங்கேயும் எழுதி வைக்கவில்லை. ஆனால் ஊரில் வயதானவர்கள் எல்லாருக்கும் தெரியும், இழுக்கிறவள் நம் தெரு ஸ்டெல்லா, வண்டியில் கிடப்பவன் அவள் புருஷன் மெத்ரோ.

ஸ்டெல்லா மெத்ரோவைப் படுக்கையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்ததால் இத்தனை வருஷமும் ரயில் பார்க்க வரவில்லை. அவன் இந்த வசந்தத்தில் போய்ச் சேர்ந்தான், உனக்கு எழுதியிருந்தேன். டிசம்பர் பதினொன்று ஞாயிற்றுக்கிழமை, ஒஹையோவிலிருந்து வந்த பேத்தியைக் கூட்டிக்கொண்டு வந்தாள். புது மலையைக் காட்ட நான் மேஜை பக்கத்தில் பெருமையாக நின்றுகொண்டிருந்தேன். சத்தியமாகச் சொல்கிறேன், அவள் உள்ளே நுழைந்தபோதுகூட எனக்கு உறைக்கவில்லை. அந்தக் குழந்தை பொத்தானை அழுத்திவிட்டு, 'பாட்டி இங்க பாரேன், குடிகாரத் தாத்தாவ ஒரு பாட்டி இழுத்துட்டுப் போறா' என்று கைதட்டிச் சிரித்தது. ஸ்டெல்லா குனிந்து பார்த்தாள். 'இன்னொரு வாட்டி அமுக்குடி கண்ணு, பாட்டி சரியாப் பாக்கல' என்றாள். மூன்று தரம் பார்த்தாள். பிறகு என்னிடம், குரலைக்கூட உயர்த்தாமல் சொன்னாள். 'அச்சு அசலாப் பண்ணியிருக்க யூஸ்தினா, முக்காட்டு நெறங்கூட அதேதான். ஆனா பாதிதான் பண்ணியிருக்க. அன்னிக்கு நம்ம தெருவுல பதினாலு வீட்டு ஜன்னல்ல திரை வெலகுச்சு. எண்ணிக்கிட்டே மேடு ஏறினேன், எண்ணலேன்னா அழுதிருப்பேன். உன் வீடு ஒம்பதாவது. இங்க ஒரு ஜன்னல்லகூட ஆளக் காணோமே, பின்ன எங்கேருந்து பாத்து இவ்வளவு நல்லாப் பண்ணின?' அவ்வளவுதான், பேத்தியின் கையுறையை மாட்டிவிட்டுக் கூட்டிக்கொண்டு போய்விட்டாள். எனக்குக் காது மடல் வரை எரிந்தது. லெஸ்டர் ஓடி வந்து, 'ரெண்டு ஸ்க்ரூதாம்மா, இப்பவே கழட்டிடறேன்' என்றான். வீட்டுக்கு வந்து அப்பாவிடம் சொன்னால் அவர், 'கழட்டிட்டாப் பாத்தது பாக்காததுன்னு ஆயிடுமா' என்று கேட்டுவிட்டு இருமப் போய்விட்டார்.

உனக்கு அந்த நாள் ஞாபகம் இருக்கும். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்திரண்டு, ஜனவரி ஏழு, ஞாயிறு காலை, ஸ்டெல்லா வீட்டார் போகிற கோவிலின் பழைய காலண்டர் கணக்கில் அன்றுதான் கிறிஸ்துமஸ். உனக்கு ஒன்பது வயது. மெத்ரோ மது விடுதி வாசலில் பனியில் உட்கார்ந்து எழுந்திருக்கமுடியாமல் கிடந்தான், ஸ்டெல்லா பிள்ளைகளின் சறுக்கு வண்டியைக் கொண்டுபோய் அவனை ஏற்றி மேடு முழுக்க ஒண்டியாக இழுத்துக்கொண்டு வந்தாள். நான் திரையை விலக்கிப் பார்த்ததோடு நிற்காமல், 'டெக்லா ஓடி வா, இந்தக் கூத்த வந்து பாரு' என்று உன்னையும் கூப்பிட்டேன். நீ வந்து பார்த்தாய், சிரிக்கவில்லை. 'அம்மா, நான் போயி பின்னாடிலேருந்து தள்ளட்டுமா' என்று கேட்டுக்கொண்டே ஒரு காலில் பூட்ஸை மாட்டிவிட்டாய், கை கதவுத் தாழ்ப்பாளில் இருந்தது. நான்தான், 'பூசைக்குப் போற நேரத்துல கால நனைச்சுக்காத, அவங்க வீட்டுச் சங்கதி நமக்கெதுக்கு' என்று உன் கையை எடுத்துவிட்டேன். நானும் அவளும் வயதைக் கூட்டிச் சொல்லிச் சட்டைத் தொழிற்சாலையில் ஒரே நாளில் சேர்ந்தவர்கள் டெக்லா. அவள் காலர் தைப்பாள், நான் கை தைப்பேன். மறுநாள் சாப்பாட்டு மணிக்கு இந்தக் கதையைச் சொல்லி எல்லாரையும் சிரிக்க வைத்தேன், இரண்டு வரிசை தள்ளி அவள் உட்கார்ந்து ரொட்டியைப் பிய்த்துக்கொண்டிருந்தாள். இருபத்தாறு வருஷமாகச் சொல்லியிருக்கிறேன். அவன் கையில் அன்று பாட்டிலே இல்லை. சொல்லச் சொல்ல நான் சேர்த்துக்கொண்டது அது, கடைசியில் ஈயத்தில் வார்த்து வர்ணமும் பூசிவிட்டேன்.

செவ்வாய்க்கிழமை வால்நட் ரொட்டி சுட்டு எடுத்துக்கொண்டு அவள் வீட்டுக்குப் போனேன். ரொட்டியை வாங்கிக்கொண்டாள், உள்ளே வா என்று சொல்லவில்லை. எடுத்துவிடுகிறேன் என்றேன். 'எடுக்காத. எடுத்தா, ஏன் எடுத்தாங்கன்னு ஊரு இன்னொரு வருஷம் பேசும். முழுசாப் பண்ணு' என்றாள். அப்போதும் எனக்குப் புத்தி வரவில்லை பார், வேண்டுமானால் வண்டிக்குப் பின்னால் என்னைத் தள்ளுகிற மாதிரி வைக்கட்டுமா என்று கேட்டேன். 'நீ எங்கடி தள்ளின? தள்ளாதவளத் தள்ளுற மாதிரி வெச்சு வேற வேடிக்கை காட்டுவியா?' என்று சொல்லிக் கதவைச் சாத்திக்கொண்டாள்.

பிறகு பத்து நாள் அதே வேலை. பதினான்கு வீட்டு முன்சுவரையும் பெயர்த்து எடுத்து ஜன்னலைப் பிளேடால் திறந்து, என் கல்யாணக் கைக்குட்டையின் சரிகைப் பின்னலை வெட்டித் திரை போட்டு, திரைக்குப் பின்னால் ஒவ்வொரு முகமாக ஒட்டினேன். பலபேர் இப்போது கல்லறையில் இருக்கிறார்கள். மெத்ரோ கையிலிருந்த பாட்டிலை அரத்தால் ராவி எடுத்தேன், கை வெறுமனே வயிற்றின்மேல் கிடக்கிறது, பார்த்தால் நோயாளி மாதிரி இருக்கிறான். என்னைக் கடைசியில் செய்தேன். ஊருக்கே இமை வரைகிறவள், என் இமையை நாலு தரம் துடைத்துத் துடைத்து வரைந்தேன். இப்போது ஜனங்கள் பொத்தானை அழுத்திச் சிரிக்கிறார்கள், அப்புறம் யாராவது ஒருத்தர் ஒரு ஜன்னலைப் பார்த்துவிடுகிறார், அப்புறம் தங்கள் வீட்டைத் தேடுகிறார்கள், அதோடு சிரிப்பு நின்றுபோகிறது. 'இது எங்கம்மாவா' என்று தபால்காரர் கேட்டார். ஆமாம், ஒன்பதாவது நான் என்றேன். கேட்கிறவர்கள் எல்லாரிடமும் அதைச் சொல்கிறேன், கேட்காதவர்களிடமும் சொல்லத்தான் இன்னும் வாய் வரவில்லை.

கிறிஸ்துமஸுக்கு மறுநாள் ஸ்டெல்லா தனியாக வந்தாள். தானே பொத்தானை அழுத்தினாள், விரலை நீட்டி ஒவ்வொரு ஜன்னலாக எண்ணிக்கொண்டு வந்தாள், ஒன்பதில் நின்று கண்ணாடியைத் தூக்கிவிட்டுக் குனிந்தாள். 'மூக்க மட்டும் சின்னதாக்கிட்ட' என்றாள். லெஸ்டர் சிரித்துவிட்டான். நான் சிரிக்கலாமா கூடாதா என்று தெரியாமல் நின்றேன். அவள் சிரிக்கவில்லை. மீதி ஐந்து ஜன்னலையும் எண்ணி முடித்துவிட்டுப் போனாள். மன்னித்துவிட்டாள் என்று எழுத எனக்கு உரிமை இல்லை. மூக்கைப் பெரிதாக்கிவிட்டேன்.

இனிமேல் உன் விஷயம். உன்னையும் செய்திருக்கிறேன், இரட்டைப் பின்னல், பூசைக்குப் போகிற நீல கவுன், ஒரு காலில் மட்டும் பூட்ஸ். முதலில் ஜன்னலில் என் பக்கத்தில் ஒட்டினேன், பிறகு மனசு கேட்காமல் பிடுங்கிவிட்டேன், நீ நான் கூப்பிட்டு வந்தவள், நின்று பார்த்தவள் இல்லை. இப்போது வாசற்படியில் நிறுத்தியிருக்கிறேன். ஆனால் நீ படி வரைக்கும்கூட வரவில்லையே, நான்தானே தடுத்தேன், அதுவும் பொய்யாகுமோ என்று பசை போடவில்லை. ரயில் போகிற அதிர்வில் தினமும் விழுந்துவிடுகிறாய், காலையில் முதல் வேலையாகப் போய் உன்னை நிமிர்த்தி வைக்கிறேன். எங்கே ஒட்டுவது என்று நீதான் சொல்லவேண்டும், வேண்டவே வேண்டாம் என்றாலும் சொல். போன வருஷம் உன் பதில் கடிதத்தில் எல்லாவற்றையும் பற்றி எழுதியிருந்தாய், அந்தப் படத்தைப் பற்றி மட்டும் ஒரு வரி இல்லை. வேலை மும்முரம் என்று நினைத்தேன். அந்தப் படத்தைக் கிழித்துப் போடு.

ஜனவரி ஏழோடு மேஜையைப் பிரித்துவிடுவார்கள், தபால் அதற்குள் வந்து சேராது, அதனால் போன் செய். குழந்தைகளுக்குக் காலுறை இரட்டையாகப் போட்டு அனுப்பு. மாப்பிள்ளைக்கு எங்கள் அன்பு. மாதா உங்கள் நாலு பேரையும் தன் முக்காட்டுக்குள் வைத்துக் காக்கட்டும்.

உன் போனுக்காகக் காத்திருக்கும்
அம்மா
யூஸ்தினா