தம்பிக்கு வேறொரு பியானோ

பிப்ரவரி 9, திங்கள்

மூன்றாம் வகுப்புக்குப் பாட்டு சொல்லிக்கொடுத்துத் தொண்டை கட்டிவிட்டது. வீட்டுக்கு வந்தால் தம்பி செருப்புகூடப் போடாமல் தெருவில் நிற்கிறான். "அக்கா, எடுத்துட்டாங்க" என்றான். எவன் என்ன திருடிக்கொண்டு போனானோ என்று வாசல் பூட்டைப் பார்த்தேன். "எதைடா?" "என்னைத்தான்."

சர்வதேச இசைப் போட்டி. இருபத்தைந்து வயதுக்குள் உள்ளவர்களுக்கு. எங்கெங்கிருந்தோ வந்த வீடியோக்களைக் கேட்டு, செல்லோ வாசிக்கிறவர்களில் கொஞ்சம் பேரைத்தான் கூப்பிட்டிருக்கிறார்கள். நாங்கள் அனுப்பிய வீடியோவில் அவன் முழுசாகத் தெரிவான். பியானோவில் நான் ஒரு தோளும் பாதிக் கொண்டையும். "அந்தத் தோளுக்கும் பங்கு உண்டு, ஞாபகம் வச்சுக்கோ" என்றேன்.

அம்மா தையல் மெஷினை நிறுத்தவேயில்லை. எப்போது என்று மட்டும் கேட்டாள். ஜூனில். "அப்ப சட்டை தைக்க நாள் இருக்கு."

பிப்ரவரி 14, சனி

போட்டியில் வாசிக்க வேண்டிய சொனாட்டாவை முதலிலிருந்து கடைசி வரை இரண்டு தடவை வாசித்தோம். மெதுவான பகுதி தொடங்கும் முன் அவன் மூக்கால் ஒரு மூச்சு இழுப்பான். அது காதில் விழுந்தால் போதும், என் கை தானாக இறங்கும். ஏழு வயதில் அரை அளவு செல்லோவை வைத்துக்கொண்டு திணறின காலத்திலிருந்தே அவனுக்கு நான்தான் பியானோ.

இந்த மாதிரி ஒரு மேடையில் ஒரு தடவையாவது வாசிக்க வேண்டும் என்று எனக்கும் இருந்தது. யாரிடமும் சொன்னதில்லை. வயது தாண்டிவிட்டது. நல்லவேளை, பக்கவாத்தியத்துக்கு வயது வரம்பு கிடையாது.

மார்ச் 5, வியாழன்

தலைமையாசிரியை ஜூனில் தம்பியோடு போக விடுமுறை கொடுத்துவிட்டார். பெட்டி வாங்க வேண்டும்.

மார்ச் 21, சனி

செல்லோ வகுப்பிலிருந்து வந்த தம்பி சாப்பிடவில்லை. என் முகத்தைப் பார்க்காமல் வில்லுக்கு ரோசின் பிசின் தேய்த்துக்கொண்டே இருந்தான். என்னவோ இருக்கிறது.

மார்ச் 23, திங்கள்

சொல்லிவிட்டான். மாடிப்படியில், செல்லோவை முதுகிலிருந்து இறக்காமல்.

"அங்க அவங்களே பியானோவுக்கு ஆள் தர்றாங்களாம். அவங்கள்ல ஒருத்தரோட வாசின்னு வாத்தியார் சொல்றாரு."

"ஏன்?"

"நான் தடுமாறுற எடத்துலல்லாம் நீ தாங்கிடுறியாம். எனக்கே தெரியாம."

"நீ என்ன சொன்ன?"

தோளில் செல்லோப் பட்டையை இழுத்துவிட்டுக்கொண்டான்.

"உன்னத்தான்டா கேக்குறேன். நீ என்ன சொன்ன?"

"சரின்னுட்டேன்."

தாங்கறது தப்பா? கூட வாசிக்கிறவ வேற என்ன பண்ணுவா, விழட்டும்னு வேடிக்க பாப்பாளா? இத்தன வருஷமா அதுக்குத்தானே ஒக்காந்திருந்தேன். ஒரு வார்த்த, "அக்காவ கேட்டுட்டு சொல்றேன்"னு ஒரே ஒரு வார்த்த அவர்கிட்ட சொல்லியிருக்கலாம்ல அவன்?

மார்ச் 24, செவ்வாய்

பியானோ மூடியைத் திறக்கவில்லை.

மார்ச் 29, ஞாயிறு

பொறுக்க முடியாமல் வாத்தியார் வீட்டுக்கே போய்விட்டேன். நல்லா நாலு கேள்வி கேட்டுவிட்டு வரலாம் என்று. மனுஷர் சண்டைக்கு வந்தால்தானே. உட்காரச் சொன்னார்.

"உன்னவிட நல்லா வாசிக்கிறவங்க கிடைப்பாங்கன்னு நான் சொல்லலம்மா. உன்ன மாதிரி அவன் மனசறிஞ்சு வாசிக்கிறவங்க எங்கயும் கிடைக்க மாட்டாங்க. அதுதான் பிரச்சின."

அவர் கொடுத்த டீ ஆறிப்போனது. குடிக்காமலே வந்துவிட்டேன்.

வீட்டில் வந்து அம்மாவிடம் கொட்டினேன். வாயில் குண்டூசியைக் கடித்துக்கொண்டே கேட்டாள். கடைசியில், "அவர் சொன்னது பொய்யின்னு தோணுச்சுன்னா நீ இந்நேரம் அழுதுருக்க மாட்ட, கத்தியிருப்ப" என்றாள். பெற்றவளுக்கு இப்படியா வாய் இருக்கும்.

மே 10, ஞாயிறு

"நீயும் வாயேன், சும்மா கூட இரு" என்றான்.

"வந்து? தண்ணி பாட்டில் புடிச்சிட்டு நிக்கவா?"

முகம் செத்துப்போயிற்று அவனுக்கு. நாக்கைக் கடித்துக்கொண்டேன். சொன்னது சொன்னதுதான்.

ஜூன் 6, சனி

கிளம்பிவிட்டான். சட்டையைக் கடைசியாகப் போட்டுக் காட்டச் சொல்லி, வில் பிடிக்கும் கையை நீட்டவும் மடக்கவும் வைத்து, அக்குள் தையலை இன்னும் கொஞ்சம் பிரித்துவிட்டாள் அம்மா. விமானத்தில் செல்லோவுக்கு ஜன்னல் சீட், இவனுக்கு நடு சீட். "அதுக்குச் சோறு குடுத்தாங்கன்னா நீ வாங்கித் தின்னுடு" என்றேன். இருவரும் வேண்டிய அளவுக்கு மேலேயே சிரித்தோம்.

உள்ளே போகும்போது திரும்பிப் பார்த்தான். அப்போது நான் அம்மாவின் பையைப் பிடித்துக்கொண்டு குனிந்திருந்தேனாம். அம்மா சொல்லித்தான் தெரியும்.

ஜூன் 9, செவ்வாய்

முதல் சுற்று. நேரலை. அம்மா துணி வெட்டும் மேஜையில் கம்ப்யூட்டரை வைத்து இருவரும் உட்கார்ந்தோம்.

பியானோவில் நரைத்த கிராப்பு, சிவப்புக் கண்ணாடி போட்ட அம்மாள். நடந்து வந்த விதத்திலேயே எனக்குப் பிடிக்கவில்லை. தொடங்கினார்கள். என் விரல்கள் மேஜை ஓரத்தில் தானாக வாசித்துக்கொண்டிருந்தன. மெதுவான பகுதி வந்தது. அவன் மூச்சு இழுத்தான். என் கை நின்றது. அந்த அம்மாள் நிற்கவில்லை. போய்க்கொண்டே இருந்தார்.

ஒரு கணம் அவன் தொலைந்தான். நெற்றியில் அது தெரிந்தது. என்னையறியாமல் "புடி, புடி" என்றேன் போலிருக்கிறது, அம்மா என் கையைப் பிடித்தாள். பிறகு அவன் வந்தான் பாருங்கள் — வந்து சேரவில்லை, முன்னால் போய்விட்டான். அந்த அம்மாள்தான் அவனைத் துரத்திக்கொண்டு வர வேண்டியதாயிற்று. அப்படி ஒரு ஒலி அவனிடமிருந்து நான் கேட்டதேயில்லை. அடுத்த அறையில் பிறந்து வளர்ந்த பிள்ளை. எங்கே வைத்திருந்தான் இதை?

என்னோடு வாசிக்கையில் அது எனக்கு ஏன் கிடைக்கவில்லை?

ஜூன் 10, புதன்

தேறிவிட்டான். போனில், "அந்தம்மா என்ன கேட்டாங்க தெரியுமா, இவ்வளவு நல்லா காது கொடுத்துக் கேக்க உனக்கு யார் கத்துக்கொடுத்தாங்கன்னு" என்றான். "நீ என்ன சொன்ன?" "எங்க அக்கான்னு."

குழாயைத் திறந்துவிட்டுப் பாத்திரம் தேய்த்தேன். ஏற்கெனவே தேய்த்த பாத்திரங்கள்.

ஜூன் 14, ஞாயிறு

இறுதிச் சுற்று, ஆர்கெஸ்ட்ராவோடு. மூன்றாம் பரிசு. அம்மா அழுதுகொண்டே, சட்டையில் தோள்பட்டை சுருங்குகிறது என்று குறை சொன்னாள்.

கொஞ்ச நேரத்தில் கூப்பிட்டான். நடுவர்களில் ஒருவர் அங்கேயே தங்கித் தன்னிடம் படிக்கச் சொல்கிறாராம். நான்கு வருஷம்.

"நீ சொல்லுக்கா. வரட்டுமா, இருக்கட்டுமா?"

வா என்ற சொல் நாக்கு நுனியில் நின்றது. சொல்லியிருந்தால் வந்திருப்பான். நிச்சயம் வந்திருப்பான்.

"என்னக் கேக்காத. நீ என்ன நெனைக்கிற?"

நெடுநேரம் பேச்சில்லை. நானும் எடுத்துக்கொடுக்கவில்லை. எவ்வளவு கஷ்டம் அது.

"இருக்கணும்னு இருக்கு."

"அப்ப இரு."

போனை அம்மாவிடம் கொடுத்துவிட்டு மொட்டை மாடிக்குப் போனேன். யார் வீட்டுத் துணியோ காய்ந்துகொண்டிருந்தது.

செப்டம்பர் 12, சனி

அவன் உட்காரும் இடத்தில் தரைப்பலகையில் செல்லோவை ஊன்றும் முள் குத்திய சின்னச் சின்னக் குழிகள். பெருக்கினால் தூசி அதில்தான் போய் உட்கார்ந்துகொள்கிறது. இன்று பழைய பல்துலக்கியால் ஒவ்வொன்றாகச் சுத்தம் செய்தேன். எதற்கென்று கேட்டால் சொல்லத் தெரியாது.

சொனாட்டாவில் அவனோடு வாசிக்கும் பியானோப் பகுதியை மட்டும் தனியாக வாசித்துப் பார்த்தேன். பாதி இடம் வெறும் காத்திருப்பு.

அக்டோபர் 8, வியாழன்

அம்மாவிடம் கோட்டு தைக்கக் கொடுத்த கால்நடை மருத்துவர் கிளாரினெட் வாசிப்பாராம். கூட வாசிக்க ஆள் தேடுகிறாராம். "எம் பொண்ணு சும்மாதான் இருக்கா" என்று அம்மா வாக்குக் கொடுத்துவிட்டாள். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. இந்தக் குடும்பத்தில் யாருக்கும் அந்தப் பழக்கமே கிடையாது.

அக்டோபர் 15, வியாழன்

மருத்துவர் வந்தார். கையெல்லாம் பூனை கீறிய கோடு. யாரோ துரத்துவதுபோல் வாசிக்கிறார். வேகத்தைக் குறையுங்கள் என்றேன், முடியாது என்றார். நானும் விடவில்லை. அரைமணி நேரம் வாதம். கடைசியில் என் வேகத்துக்கு வந்தார், முணுமுணுத்துக்கொண்டே.

அவர் போனபின் வீடு மறுபடி அமைதி. தம்பி இருந்தால் அவரைப்போல நடித்துக் காட்டியிருப்பான்.

டிசம்பர் 5, சனி

அடுத்த வாரம் நானும் மருத்துவரும் நகர மன்றத்தில் வாசிக்கிறோம். ஒத்திகை நீண்டுவிட்டது, கடைசிப் பகுதியை நான்தான் மறுபடி மறுபடி வாசிக்கச் சொன்னேன். முடித்துவிட்டுப் போனை எடுத்துப் பார்த்தால் தம்பி மூன்று தடவை கூப்பிட்டிருக்கிறான். பக்கத்திலேதான் கிடந்தது. காதிலேயே விழவில்லை.

சாப்பிட்டுவிட்டுக் கூப்பிட வேண்டும்.