பூட்டியிருந்த வீடு

அக்டோபர் 14, செவ்வாய்

வலது தோள் வலிக்கிறது. இருந்தாலும் எழுதிவிடுகிறேன்.

என் கணவர் மேல் ஏறி அவரைக் கொன்ற டிப்பர் லாரிக்கு இன்சூரன்ஸ் கிடையாது. இழப்பீட்டை லாரிக்காரன் ஏகாம்பரமே தர வேண்டும் என்று கோர்ட் சொல்லி மூன்று வருடம் ஆகிறது. ஒரு ரூபாய் வரவில்லை. லாரியை ஜப்தி செய்ய இன்று கோர்ட் உத்தரவை நிறைவேற்றும் ஊழியரான அமீனாவுடன் செய்யூர் போனேன். வண்டியை மனுதாரர்தான் அடையாளம் காட்ட வேண்டுமாம்.

அவன் வீட்டு வாசலிலேயே நின்றது, புதுப் பெயின்ட் அடித்து. "இதுதான்" என்றேன்.

ஏகாம்பரம் சவுக்குக் கட்டையோடு வந்தான். "இன்னா அமீனா, யாரு வூட்ல வந்து எத்த தொட்ற?" முதல் அடியிலேயே அமீனாவின் நெற்றி பிளந்தது. பிறகு என்னைப் பார்த்துச் சிரித்தான். "உன் வூட்டுக்காரன் நாய் மாதிரி குறுக்க வந்தான், டீச்சரம்மா. நாய்க்கெல்லாம் டப்பு குடுப்பாங்களா?"

வாசலில் கிடந்த சவுக்குக் குவியலிலிருந்து நானும் ஒரு கட்டையை எடுத்தேன். அவன் முழங்கையில் அடித்தேன். எலும்பு முறிந்த சத்தம் கேட்டது. விழுந்தவனை மறுபடியும் அடித்தேன். அமீனாதான் என்னைப் பிடித்து இழுத்தார்.

திரும்பும் வழியில் ஒரு டீக்கடையில், நெற்றியில் துண்டை அழுத்திக்கொண்டே அறிக்கை எழுத உட்கார்ந்தார். "அவன் அட்ச்சத எழுதுனா நீங்க அட்ச்சதயும் எழுதணும் மேடம். இன்னா பண்ணட்டும்?"

கடைசியில் அவரே, வீடு பூட்டியிருந்தது, வாகனம் காணப்படவில்லை என்று எழுதினார். கீழே நானும் கையெழுத்துப் போட்டேன்.

லாரியை இந்நேரம் எங்கேயாவது ஒளித்திருப்பான். இனி கிடைக்காது. அதைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன்.

மூன்றாவது அடிக்கு ஓங்கியபோது நான் அவன் தலையைத்தான் குறி பார்த்தேன்.