கம்பளிப் பேடு வேண்டாம் என்றேன்

என்னங்க, நம் காருக்குப் பாலிஷ் போட வந்தவரை நான் பாதியில் விரட்டிவிட்டேன் என்று கடைத்தெருவில் பேசிக்கொள்கிறார்களாம். உங்கள் கை பட்ட இடம் அழிந்துவிடும் என்று அழுதேனாம். இரண்டும் தவறு. விரட்டவில்லை, காப்பி கொடுத்து உட்கார வைத்தேன். அழவும் இல்லை. பாலிஷ் தேய்க்கும் மெஷினில் அவர் மாட்ட எடுத்த பேடு தவறானது. அதைச் சொன்னேன்.

இன்னும் ஷெட்டிலிருந்து பாலிஷ் வாடை வருகிறது. அதனால்தான் எழுத உட்கார்ந்தேன்.

பேத்தி தன் கல்யாணத்தன்று நம் காரில்தான் மாதா கோவிலுக்குப் போவேன் என்கிறாள். நீங்கள் கண்ணை மூடிய பிறகு கார் ஷெட்டைவிட்டு அதிகம் வெளியே வந்ததில்லை. மகன் வில்பட்டியிலிருந்து பாலிஷ் போடும் செல்வத்தை அனுப்பிவைத்தான். வெயிலில் நிறுத்தியதும் செல்வம் பானெட்டைக் குனிந்து பார்த்தார்.

"என்னம்மா, பூராவும் செலந்தி வலை கணக்கா கோடு கெடக்கு! யாரு தொடச்சது?"

"என் வீட்டுக்காரர்."

"சும்மா சொல்லக் கூடாது, ஒரு எடத்தயும் விடல சாரு."

விடவில்லைதான். காலையில் மூடுபனி சொட்டிக்கொண்டிருக்கும்போதே பழைய துண்டோடு இறங்கிவிடுவீர்கள். கழுவிவிட்டுத் துடையுங்கள் என்று சன்னலிலிருந்து சொல்வேன். "பனியே கழுவிருச்சே, இன்னும் என்னத்தக் கழுவ?" என்பீர்கள். பனி கழுவாது. ரோட்டுத் தூசியை நனைத்துவிட்டுப் போகும், அவ்வளவுதான். அந்தத் தூசியோடு வட்டம் வட்டமாகத் தேய்ப்பீர்கள். மறுபடியும் சொன்னால், "ம்."

செல்வம் கம்பளிப் பேடையும் கெட்டியான காம்பவுண்டுப் பசையையும் எடுத்தார். "இதப் போட்டா வெரசா முடிஞ்சிரும்மா. வெள்ளனே கெளம்புனாத்தான் அடுத்த சோலியப் பாக்க முடியும்."

கம்பளி பெயின்ட்டை அதிகம் அரிக்கும். அந்தக் காம்பவுண்டு சேர்ந்தால் இன்னும் அதிகம். கீறலை மறைப்பதற்கு எந்த மருந்தும் கிடையாது. சுற்றியுள்ள பெயின்ட்டைக் கீறலின் ஆழம்வரை இறக்குவதுதான் பாலிஷ். நீங்கள் வருஷக்கணக்கில் தேய்த்த பானெட்டில் எவ்வளவு பெயின்ட் மிச்சமிருக்கிறது என்று யாருக்குத் தெரியும்? விளிம்பில் நீலம் ஏற்கெனவே வெளுத்திருக்கிறது. நான் படித்த கான்வென்ட்டில் பீடத்து மெழுகுவர்த்தித் தாங்கிகளைத் துலக்கும்போது, மிருதுவான துணியால் முதலில் அடிப்பக்கத்தைத் தேய்த்துக் காட்டச் சொல்வார் சிஸ்டர். கறை போகாவிட்டால்தான் அடுத்த துணி. அதையே செல்வத்திடம் சொன்னேன்.

"காருக்கும் பரீட்சை வக்கிறீங்களேம்மா!" என்று சிரித்தாலும், பானெட் மூலையில் ஒரு சதுரத்தை டேப் ஒட்டிப் பிரித்தார். விளிம்பைத் தொட வேண்டாம் என்றேன். முதலில் மிருதுவான ஃபோம் பேடு, நைசான பாலிஷ். கோடுகள் பாதிதான் போயின. பாலிஷை மாற்றாமல், கொஞ்சம் கடினமான ஃபோம் பேடை மட்டும் மாட்டினார். மெஷினை அழுத்தாமல் மெதுவாக நகர்த்தினார். துடைத்தபோது சதுரத்துக்குள் ஒரு கோடுகூட இல்லை. எதிர்வீட்டுத் தைலமரம் இலை இலையாகத் தெரிந்தது.

டேப்புக்கு வெளியே உங்கள் வட்டங்கள் அப்படியே இருந்தன.

"சரியாத்தான் சொல்லிருக்கீங்க. மிச்சத்தையும் போட்டுரவா?" என்றார். நான் காப்பி கொண்டுவந்தேன். அவர் குடித்து முடித்ததும், நாளைக்கு வாருங்கள் என்றேன். கடைத்தெருவுக்கு அது போதுமானதாக இருந்திருக்கிறது.

இன்றும் பனி இறங்கினால் சன்னலருகே போய்விடுகிறேன். சொல்ல வேண்டியது வாய்வரை வந்துவிடுகிறது.

எந்தப் பேடு, எந்தப் பாலிஷ் என்பது முடிவாகிவிட்டது. முழுவதும் போடுவதா, சதுரத்தோடு நிறுத்துவதா என்பதுதான் பாக்கி. பேத்தி பளபளப்பாக வேண்டும் என்கிறாள். அவள் கேட்பது நியாயம். ஆனால் தேய்த்தவர் நீங்கள். உங்களைக் கேட்காமல் செய்ய எனக்கு விருப்பமில்லை.

செல்வம் காலையில் வந்துவிடுவார். "ம்" என்பதை நான் ஒருநாளும் பதிலாக ஏற்றதில்லை. எழுத்தில் பதில் தாருங்கள்.