ஹரிக்கு டீச்சர் கிடைத்த விவரம்

சிவகாசி,
ஞாயிற்றுக்கிழமை.

அன்பு மகள் ஆர்த்திக்கு அப்பா எழுதுவது.

நான், அம்மா, உன் அண்ணன் ஹரிபிரசாத், மதினி பிரீத்தி நாலு பேரும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம். டப்ளினில் மழையும் குளிருமாக இருந்தாலும் நீ வேளைக்குச் சாப்பிட்டு நல்லபடியாக இருப்பாய் என்று நினைத்து இதை எழுதுகிறேன். அம்மா உனக்கு வத்தல் பொடியும் பருப்புப் பொடியும் அனுப்புகிறாள், அந்தப் பார்சலுக்குள்ளேயே இதையும் வைக்கிறேன். போனில் என்றால் நான் பாதி சொல்வதற்குள் மீதியை நீ சொல்லிவிடுகிறாய், அதனால்தான் தாளில் எழுதுகிறேன். அச்சகத்தில் லேபிள் ஆர்டர் சுமாராக வருகிறது, போன வருஷத்துக்கு இந்த வருஷம் கொஞ்சம் தேவலை. அம்மாவுக்கு முழங்கால் வலி குறைந்திருக்கிறது, ஆனால் டாக்டர் சொன்ன நடை நடப்பதில்லை.

அண்ணன் என் கிளாஸை ஏன் விட்டான், வேலையையும் ஏன் விட்டான், எனக்கு யாரும் ஒன்றும் சொல்வதில்லை என்று போன வாரம் நீ அம்மாவிடம் வருத்தப்பட்டாயாம். நீ கேட்டது நியாயம்தான். நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன், உன்மேல் குறை சொல்வதற்காக அல்ல என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பக்கத்துப் பட்டாசு ஆலையில் விபத்து நடந்த பிறகு இவனுடைய ஆலையையும் நாலு மாதம் பூட்டிவைத்தார்கள் அல்லவா, அப்போது வீட்டில் சும்மா இருந்த நாளில்தான் அவனுக்குக் கம்ப்யூட்டர் படித்து வேறு வேலைக்குப் போக வேண்டும் என்று தோன்றியது. முப்பத்து மூன்று வயதில் தோன்றியது என்றாலும் நல்ல எண்ணம்தானே. நீயும் ஞாயிறுதோறும் உன் ஓய்வை விட்டுவிட்டு அங்கிருந்தே வீடியோவில் அவனுக்குச் சொல்லிக்கொடுத்தாய். ஆனால் உன் வேகம் அவனுக்கு வரவில்லை அம்மா. மூன்றாவது வாரமோ நாலாவது வாரமோ நீ விளையாட்டாக, இதுகூடவா அண்ணே புரியலை என்று கேட்டாய், நான் அங்கேதான் பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். அன்றைக்கு நீயும் சிரித்தாய், அவனும் சிரித்தான். அதற்குப் பிறகு நீ எதைச் சொன்னாலும் அவன் புரிஞ்சது, புரிஞ்சது என்றே சொல்லிவந்தான். நீ அதை நம்பி உன் சிநேகிதி கம்பெனியில் வேலைக்கான ஆன்லைன் பரீட்சைக்கு ஏற்பாடு செய்தாய். கரண்டு போய்விட்டது என்று உன்னிடம் சொன்னானே, அன்றைக்கு நம் தெருவில் கரண்டு போகவில்லை. பரீட்சை தொடங்கிய பத்து நிமிஷத்தில் லேப்டாப்பை மூடிவைத்துவிட்டு மாடிக்குப் போய்விட்டான்.

மறுவாரம் நானே அவனுக்கு ஆள் தேட ஆரம்பித்தேன். இங்கே ஒரு சென்டரில் சேர்த்தோம், இருபது பேரை ஒன்றாக உட்காரவைத்துப் பாடத்தை வாசித்துக் காட்டினார்கள், மூன்று மாதத்தில் சர்டிபிகேட் உறுதி என்றார்கள். சர்டிபிகேட்டை வைத்து நான் என்ன செய்யட்டும் என்று வந்துவிட்டான். அப்புறம் இன்ஜினியரிங் படிக்கும் பையன் ஒருவன் வீட்டுக்கே வந்தான், நல்ல கெட்டிக்காரன், ஆனால் எல்லாவற்றையும் அவனே அடித்து முடித்து, பாருங்க அண்ணே ஓடுது என்று காட்டிவிட்டுப் போவான். ஹரி பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பான். கடைசியில் விருதுநகரில் பருப்பு மண்டி வைத்திருக்கும் லட்சுமிகாந்தம் அண்ணாச்சி, எங்க மண்டிக்குப் பில் போடுற புரோகிராம் எழுதிக்கொடுத்த பொண்ணு ஒண்ணு இருக்கு, தனியாச் சொல்லியும் கொடுக்குது, ஒரு நேரத்துக்கு ஒருத்தருக்குத்தான், போய்க் கேட்டுப்பாருங்க என்றார்.

அந்தப் பெண்ணுக்குப் பெயர் ஞானசுந்தரி, ஊர் காரியாபட்டி, இருபத்தாறு வயது இருக்கும். விருதுநகர் ஸ்டேஷன் பக்கம் வீடு எடுத்துத் தங்கியிருக்கிறது. முதல் நாள் நானும் கூடப் போனேன். ஹரி லேப்டாப்பைத் திறந்தான், அந்தப் பெண் மூடச் சொல்லிவிட்டது. காலையில ஆலைக்குப் போனதும் முதல்ல என்ன செய்வீக, எனக்குப் பட்டாசைப் பத்தி ஒண்ணும் தெரியாது, தெரியாதவகளுக்குச் சொல்ற மாதிரிச் சொல்லுங்க என்றது. உன் அண்ணன் போர்மேன் அல்லவா, ஆட்களை அறை அறையாகப் பிரித்து அனுப்புவதுதான் அவனுடைய முதல் வேலை. யாருக்கு எந்த வேலை தெரியும், யார் லீவு, வெடிமருந்து கையாளும் அறையில் விதிப்படி நாலு பேருக்கு மேல் இருக்கக் கூடாது, இதையெல்லாம் ஒரு மணி நேரம் சொன்னான். அவன் இவ்வளவு பேசி நான் கேட்டதில்லை. அந்தப் பெண் நடுநடுவே, இது எனக்கு விளங்கலை, திரும்பச் சொல்லுங்க என்று நாலைந்து தடவை கேட்டது. முடிவில், இதையே ஒவ்வொரு வரியா எழுதிட்டு வாங்க, அம்புட்டுதான் புரோகிராம், மிச்சம் பாஷைதான் என்று சொல்லி அனுப்பியது. திரும்பும்போது பஸ்ஸில் அவன் பழைய டிக்கெட்டின் பின்பக்கம் எழுத ஆரம்பித்துவிட்டான்.

ஆலை அதற்குள் திறந்திருந்தது, வாரத்துக்கு மூன்று நாள் வேலை முடிந்து நேராக விருதுநகர் போவான். ஐந்து மாதத்தில் ஆட்களைப் பிரிக்கும் புரோகிராம் ஒன்றை அவனே எழுதிவிட்டான். ஆலைக்குள் செல்போனுக்கே அனுமதி கிடையாது, அதனால் கேட்டை ஒட்டிய ஆபீஸ் அறையில் வைத்து ஓட்டினான். முதலாளிக்கும் திருப்தி. மூன்றாம் நாள் கருப்பம்மாள் என்ற ஆள் வழக்கமான அறைக்கு ஐந்தாவதாக வந்தாள், புரோகிராம் இடமில்லை என்றது, இவனும் திருப்பி அனுப்பிவிட்டான். மறுநாள் அவள் ஆபீஸ் வாசலிலேயே நின்று, ஏந் தம்பி, ஒம் பொட்டி நாலுன்னு சொல்லிருச்சு, சரி, எங்க வீட்டுல அடுப்பெரியணுமா வேண்டாமா, அதை ஒம் பொட்டி சொல்லுச்சா என்று கேட்டிருக்கிறாள். சத்தம் போட்டுக்கூடக் கேட்கவில்லையாம். அன்று கிளாஸில் இதைச் சொன்னபோது ஞானசுந்தரி, அந்தம்மா கேட்டது சரிதானே, நீங்க அதுக்கு இல்லைன்னு சொல்ல மட்டும் கத்துக்கொடுத்திருக்கீக, எங்கன போகணும்னு சொல்லக் கத்துக்கொடுக்கலையே என்றதாம். ஒரு வாரம் முட்டிமோதினான். யாருக்கு என்னென்ன வேலை தெரியும் என்பதையும் சேர்த்து, எந்த அறையில் ஆள் குறைகிறது என்று தேடிச் சொல்லும்படி மாற்றினான். அதன் பிறகு கருப்பம்மாளுக்குச் சில நாள் திரி வேலை, சில நாள் பேக்கிங் என்று தினமும் இடம் கிடைத்தது. அந்த வாரம் அவன் வீட்டில் இருந்த இருப்பை நீ பார்த்திருக்க வேண்டும், பிரீத்தியை உட்காரவைத்து அந்தப் புரோகிராமை வரி வரியாக விளக்கிக்கொண்டிருந்தான்.

ஆவணி பிறந்ததும் தீபாவளி ஆர்டர் குவிந்துவிட்டது. முதலாளி கூப்பிட்டு, ஏம்ப்பா ஹரி, அந்த நாலை அஞ்சாக்கிரு, ஒரு எழுத்துத்தானே, சீசன் முடியவும் பழையபடி மாத்திக்கிடுவோம் என்றிருக்கிறார். யோசித்துச் சொல்கிறேன் என்று வந்துவிட்டான். அன்று சாப்பிடும்போது என்னிடம் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். போன சீசன் வரைக்கும் நோட்டுல நாலு பேரை எழுதிட்டு அஞ்சாவது ஆளை நானே உள்ள விட்டிருக்கேம்ப்பா, ஒரு தடவை இல்லை, எம்புட்டோ தடவை. அப்பல்லாம் சீசன்னா அப்படித்தான்னு இருந்துச்சு. இப்ப அஞ்சுன்னு அடிக்கப் போனா, விதியே அஞ்சுதான்னு நானே எழுதி வைக்கிற மாதிரி இருக்கு, கை வரலை என்றான். நான் என்ன சொன்னேன் தெரியுமா, ஆறு வாரத்துப் பாடு, மாத்திட்டு வேலையைப் பாருடா என்றேன். அவன் சோறு பாதி இருக்கக் கையைக் கழுவிவிட்டு எழுந்தான். மறுநாள் சாவியை ஒப்படைத்துவிட்டான். முதலாளி கோபப்படவில்லை, பெறகு வரணும்னு தோணுனா வா என்றாராம். அங்கே இப்போது பழையபடி நோட்டுதான்.

வேலையை விட்டதற்காக அவன் பெருமைப்பட்டதாகவும் தெரியவில்லை, வருத்தப்பட்டதாகவும் தெரியவில்லை. ஆனால் ஒன்று கவனித்தேன். சாயங்காலம் ஆலை வேன் நம் தெரு முக்கு வழியாகத்தான் போகும், அது கடந்து போகும்வரை அங்கே நிற்கிறான். உள்ளே இருக்கிற தலைகளை எண்ணுகிறான் என்று பிரீத்தி சொல்கிறாள். நான் வேலையை விட்டதால் அந்த அறையிலிருந்து ஐந்தாவது ஆள் வெளியே வந்துவிடவில்லையே என்று அவளிடம் கேட்டானாம்.

இனி நல்ல செய்தி. ஆலைகளுக்கும் மண்டிகளுக்கும் புரோகிராம் எழுதிக்கொடுக்கும் சின்னக் கம்பெனி ஒன்று மதுரையில் இருக்கிறது, ஞானசுந்தரி சொல்லித்தான் போனான். தான் எழுதியதைக் காட்டியிருக்கிறான், ஒரு மணி நேரம் கேள்வி கேட்டிருக்கிறார்கள். மூன்று கேள்விக்குத் தெரியாது என்றே சொல்லிவிட்டேன் என்று சாதாரணமாகச் சொன்னான். ஆறு மாதம் பழகுநராக வரச் சொல்லியிருக்கிறார்கள், ஒன்றாம் தேதி சேருகிறான். சம்பளம் ஆலையில் வாங்கியதைவிடக் குறைவுதான், போகப் போகப் பார்க்கலாம். உன்னிடம் இதை அவனே சொல்ல வேண்டும் என்றிருந்தான், நீ கேட்டுவிட்டதால் நான் முந்திக்கொண்டேன். அவன் போன் செய்தால் முதல் தடவை கேட்பதுபோலக் கேட்டுக்கொள். நடுவில் திருத்தாதே, அவன் எழுதியதில் தப்பு இருந்தாலும் கடைசிவரை கேட்டுவிட்டு அப்புறம் சொல். நீ கெட்டிக்காரி என்பதில் அவனுக்கு எங்கள் எல்லோரையும்விடப் பெருமை, அதனால்தான் உன் முன்னால் அவனுக்கு வாய் வரவில்லை.

இன்னொன்று, இதை உன் அம்மாவிடம் நான் சொல்லவில்லை. டீச்சர் தேடி அலைந்தது நான், முதல் நாள் கூடப் போய் உட்கார்ந்தது நான், அவன் கற்றுக்கொண்டதன்படி ஒரு நாள் நிற்கப் பார்த்தபோது நாலை மாற்றிவிடு என்றதும் நான்தான். அந்த ஆலைக்கு லேபிள் அடித்துக் கொடுப்பதும் நம் அச்சகம்தான் என்பது அன்று சோற்றுக்கு முன்னால் என் மனசில் ஓடியது, அதை அவன் கண்டுகொண்டான் என்றுதான் நினைக்கிறேன். நான் சொன்னது தப்பு என்று இன்னும் அவனிடம் சொல்லவில்லை. வேலையை விட்டதிலிருந்து அச்சகத்தில் என் பக்கத்திலேயே உட்கார்ந்து புரூப் பார்க்கிறான், ஒரு வார்த்தைதான், வர மாட்டேன் என்கிறது. மதுரைக்குப் பஸ் ஏறுவதற்குள் சொல்லிவிடுகிறேன்.

வத்தல் பொடியைக் காற்றுப் புகாத டப்பாவில் மாற்றி வை, அங்கே ஈரம் அதிகம். பல் டாக்டரிடம் போவதைத் தள்ளிப்போட்டுக்கொண்டே இருக்காதே. உன் மனம்போல் எல்லாம் நல்லபடியாக நடக்க வேண்டும் என்று நானும் அம்மாவும் வேண்டிக்கொள்கிறோம்.

ஆசியுடன் உன் அப்பா,
ஜெயச்சந்திரன்.