வெறும் ‘போ’

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது.

இங்கே நானும் குண்டூசியும் நலம், உன் அம்மாவின் முழங்கால் மட்டும் மாடிப்படியைப் பார்த்தாலே முறைத்துக்கொள்கிறது. உன் நலத்தை நீயாகச் சொன்னால்தான் உண்டு. கம்பு தாண்டவும் குழாய்க்குள் புகுந்து ஓடவும் நீ பழக்கிய நம் நாய் குண்டூசியை இனி எந்தப் பயிற்சியாளரிடம் கொடுப்பது என்று கேட்டால், "நீங்களே பாத்து முடிவு பண்ணுங்கப்பா" என்று போனை வைத்துவிட்டாய். துறைத் தலைவர் நாற்காலியை எனக்குக் கொடுக்காத கல்லூரியே தேவலை, இப்படி ஒரு முடிவை என் தலையில் கட்டவில்லை.

முதலில், அலமாரி நிறையக் கோப்பை வைத்திருக்கும் விசில்காரனிடம் போனேன். அவன் ஊதினால் நாய்கள் கச்சிதமாகத் தாண்டுகின்றன, வால் மட்டும் காலிடுக்கில் ஒளிந்திருக்கிறது. எங்கள் கல்லூரியின் பழைய முதல்வர் எதிரே வரும்போது நானும் அப்படித்தான் நின்றிருக்கிறேன், அதனால் குண்டூசியை அவனிடம் விடாமல் திரும்பிவிட்டேன். பிறகு தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் பயிற்சி மைதானம் வைத்திருக்கும் ஒரு அம்மாவிடம் போனோம். அவர் குண்டூசியை நிழலில் உட்கார வைத்துவிட்டு என்னைத் தனியாக ஓடச் சொன்னார். உன் அம்மா வேலிக்கு வெளியே நின்றுகொண்டு, "ஹெட் ஆகுறதுக்கு ஓட வேண்டிய காலத்துல ஓடல, இப்பவாவது ஓடுங்க" என்று சிரித்தாள். அப்புறம் நாயை விட்டோம். அது முதல் கம்பைத் தாண்டும், உடனே திரும்பி என் காலடிக்கு வந்துவிடும். எத்தனை தடவை விட்டாலும் இதே கதை. வயதாகிவிட்டது போலிருக்கிறது என்றேன். அவர் அதன் பின்னங்கால்களைத் தடவிப் பார்த்துவிட்டு, "நாய் மேல பழி போடாதீங்க சார், நீங்க என்ன சொல்லி அனுப்புறீங்க?" என்றார். ‘போயிட்டு வா’ என்றுதான், வேறென்ன சொல்வேன். நீ ‘போ’ என்றால் ஓடவும் ‘வா’ என்றால் திரும்பவும் பழக்கியிருக்கிறாயாம், இரண்டையும் நான் ஒரே மூச்சில் சொன்னால் அது இரண்டையும் செய்யாமல் என்ன செய்யும்.

எந்தப் பயிற்சியாளர் என்று உன்னைக் கேட்டேனே, இவர்தான். நாயைத் திட்டுவதற்கு முன்னால் அனுப்பியவனை விசாரிக்கிறார். கம்பைத் தட்டிவிட்டு வந்த நாயையும் முதலில் கொஞ்சிவிட்டுத்தான் மறுபடி அனுப்புகிறார். குண்டூசி தன்னிடமே வளரட்டும், ஓடுகிற நாயை வாசற்கதவுக்குப் பின்னால் படுக்கப் போடாதீர்கள் என்கிறார். மறுத்துப் பேச ஒரு காரணம் தேடித் தேடிப் பார்த்துவிட்டேன். சாயங்காலம் என்னோடு நடக்க வேறு ஆளில்லை என்பதெல்லாம் ஒரு காரணமா.

ஞாயிறு காலை வண்டியோடு வருகிறார். ஏறும்போது நான் அதனிடம் வெறும் ‘போ’ மட்டும் சொல்ல வேண்டுமாம், ‘வா’ காதில் விழுந்தால் குதித்துவிடுமாம். குளியலறையில் கதவைச் சாத்திக்கொண்டு சொல்லிப் பார்க்கிறேன், வாய் தானாக மற்றதையும் சேர்த்துக்கொள்கிறது. உன்னை வெளியூருக்கு அனுப்பிய அன்றும் ‘போயிட்டு வா’ என்றுதான் சொன்னேன். குண்டூசி இரண்டு சொல்லையும் கேட்டது, நீ முதல் சொல்லோடு நின்றுவிட்டாய்.

வேளைக்குச் சாப்பிடு. எந்தக் குறையும் இல்லாமல் நீ நன்றாக இருக்க வேண்டும். ஞாயிறு காலை மறக்காமல் கூப்பிடு, ஸ்பீக்கரில் போடுகிறேன். அந்த ஒரு சொல்லை நீயே அதற்குச் சொல்லிவிடு.

உன் அப்பா