தாழ்ப்பாள் போட்ட கயல்

அக்டோபர் 21, செவ்வாய். உலு திராம்.

இந்த மாதம் முழுக்க மழை. தீபாவளி முறுக்குக்கு எண்ணெய் காயவைத்துவிட்டு, தூறல் விழவும் துணி எடுக்க வீட்டின் பின்பக்கம் ஓடினேன். அதற்குள் மகள் கயல் சமையலறைக் கதவைச் சாத்தி உள்ளே தாழ்ப்பாள் போட்டுவிட்டாள். இரண்டு வயதுப் பிள்ளைக்குப் போடத்தான் தெரியும், திறக்கத் தெரியாது.

கேஸ் தோம்பு, அதான் சிலிண்டர், வெளியில் இருந்ததால் உடனே அதை மூடினேன். எண்ணெய் மட்டும் புகைந்துகொண்டிருந்தது. ஜன்னல் கம்பி வழியாகப் பார்த்தால், நாற்காலியை அடுப்புப் பக்கம் இழுக்கிறாள்.

"கயல், நாற்காலிய இங்க கொண்டா. இங்க பூனை இருக்கு பாரு."

பூனை எதுவும் இல்லை. இழுத்து வந்து ஏறினாள். கம்பிக்குள் கைவிட்டு அவள் கையைப் பிடித்துக்கொண்டு, பக்கத்து வீட்டு மலாய்க்கார அக்கா காக் யாவைக் கூப்பிட்டேன். அவர் கணவர் சுத்தியலால் தாழ்ப்பாளை உடைக்கும்வரை நான் விடவில்லை. கயல் அழுதாள்.

சிங்கப்பூர் வேலை முடிந்து இரவு என் வீட்டுக்காரர் வந்ததும் முதலில் அந்தக் கையைத்தான் பார்த்தார்.

"என்னா இது, இப்படிச் செவந்து கெடக்கு?"

"நான்தான் புடிச்சேன்."

"பிள்ளையப் போயி இப்படியா புடிப்ப?"

சாப்பாடு எடுத்து வைத்தேன்; சாப்பிட்டுப் படுத்துவிட்டார். இவர் இன்னும் சமையலறைக் கதவைப் பார்க்கவில்லை. காலையில் பார்ப்பார். அதற்கு முன் நானே எழுப்பி நடந்ததைச் சொல்லிவிட்டால் நல்லது.